தகடூர் நெல்லி: முதுமையும் படைப்பும் பரிவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தருமபுரி மண்ணில் நின்று முதுமையைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் ஒரு நெல்லிக்கனியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட இவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உயர்ந்த மலையின் பிளவில் விளைந்த அரிய நெல்லிக்கனியொன்றைப் பெற்றான். உண்டாரை நெடுங்காலம் வாழ்விக்கும் கனி அது. அதன் பயனைத் தன் நெஞ்சுக்குள்ளேயே மறைத்துக்கொண்டு அவன் ஔவைக்கு அளித்தான். புறநானூற்றின் 91ஆம் பாட்டு கூறும் செய்தி இது. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. மேடைதோறும் சொல்லப்படும் கதை. வள்ளன்மைக்குச் சான்றாகவே இதனை எடுத்துக்காட்டுவது வழக்கம்.

ஆனால் இக்கதையில் எவரும் அதிகம் கேளாத ஒரு வினா உண்டு. கனியை உண்ட பின்னர் ஔவை என்ன செய்தார்? நீண்ட நாளைப் பெற்றவர் அந்நாளை எவ்வாறு கழித்தார்? அந்நாளில் அவரைச் சூழ்ந்திருந்தோர் அவரிடம் எவ்வாறு நடந்துகொண்டனர்? ஆயுளைத் தருவது ஒரு கொடை. அந்த ஆயுளுக்குப் பொருள் இருக்குமாறு பார்த்துக்கொள்வது மற்றொரு கொடை. முதற் கொடையைப் பாராட்டிப் பழகிய தமிழுலகம் இரண்டாம் கொடையைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அவ்விரண்டாம் கொடையே இன்றைய உரையின் பொருள்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. நெல்லியைப் பாடும் அப்பாட்டில் ஔவை முதியவர் என்னும் குறிப்பே இல்லை. அதற்குச் சற்று முன்னுள்ள 89ஆம் பாட்டில், பகைவேந்தன் ஒருவன் இளமை எழில் வாய்ந்த விறலியை விளித்து, அவள் நாட்டிலும் போரிடுவார் உண்டோ என்று வினவுகிறான். அவ்விறலியை ஔவையாகவே கொள்வாரும் உளர். ஆத்திசூடி பாடிய ஔவை வேறு, சங்க கால ஔவை வேறு என்பது அறிஞர் பலர் ஏற்றுக்கொண்ட முடிபு. இருப்பினும் மக்கள் மனத்தில் நிலைத்திருப்பவர் கூன் விழுந்த முதுகும் கையில் கோலும் நெற்றியில் திருநீறும் கொண்ட பாட்டியே. 1953ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படம் அவ்வுருவத்தை மேலும் உறுதியாக்கியது. அதில் முதிய ஔவையாக நடித்த கே. பி. சுந்தராம்பாள் 1908இல் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்தைந்தே.

மக்கள் ஏன் அவரை முதியவராக்கினர்? அறியாமையால் என்று ஒதுக்கிவிட இயலாது. நீண்ட ஆயுள் தரும் கனி இளையவருக்குக் கிடைத்தால் அது நல்வாய்ப்பு என்பதோடு முடிந்துவிடும். முதியவருக்குக் கிடைத்தாலோ, அது ஒரு கொள்கையாகிறது. எஞ்சிய நாள் சிலவே ஆயினும் அவை ஓர் அரசனின் நாளைவிட விலையுயர்ந்தவை என்னும் கொள்கை அது. மூத்தவருக்கு இனி என்ன வேண்டும் என்று கேட்கும் உலகத்திற்கு, மூத்தவரிடமிருந்து இனியும் வரவேண்டியது உண்டு என்று பொதுமக்கள் சொல்லிய மறுமொழியே பாட்டி ஔவையின் உருவம். வரலாறு அதனை ஏற்காமற் போகலாம், அறம் ஏற்றுக்கொள்ளும்.

இனி, இரண்டாம் கொடைக்கு வருவோர் ஔவையின் பாடல்களையே சான்றாகக் கொள்ளலாம். சங்கத் தொகை நூல்களில் அவர் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றில் அமைந்தவை. அதியமானைப் பாடியவற்றுள் நான்கினை அடுத்தடுத்து வைத்து நோக்கினால், படைப்பாளி ஒருவரை ஓர் ஊர் எவ்வாறு காக்க வேண்டும் என்பதற்கு ஓர் இலக்கணமே கிடைத்துவிடும்.

முதலாவது, 101ஆம் பாட்டு. ஒரு நாள் சென்றாலும் இரு நாள் சென்றாலும், பல நாள் பலரோடு சென்றாலும், அதியமான் முதல் நாளில் காட்டிய விருப்பத்தையே காட்டுவான் என்கிறது அது. விருந்தின் சிறப்பு முதல் நாளில் இல்லை. பத்தாம் நாளிலும் முதல் நாளின் முகம் மாறாதிருப்பதில் உள்ளது. இன்று முதியோர் இல்லங்களுக்குச் செல்வோரை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறந்த நாளிலும் பண்டிகை நாளிலும் இனிப்புப் பெட்டியோடும் புகைப்படக் கருவியோடும் கூட்டம் வரும். மறுவாரம் வாயில் வெறிச்சோடிக் கிடக்கும். வந்தவர் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு முதியவர் காத்திருப்பார். வந்தவருக்கோ அவர் பெயர்கூட நினைவில் இராது. ஒரு நாள் பரிவு முதியவரைத் தேற்றுவதைக் காட்டிலும் ஏங்க வைப்பதே மிகுதி.

இரண்டாவது, 92ஆம் பாட்டு. குழந்தையின் மழலை யாழிசையோடு ஒவ்வாது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது. ஆயினும் தந்தைக்கு அது அருள் சுரக்கச் செய்யும். தம் சொல்லும் அத்தகையதே, அதியமானின் அருளால் அது ஏற்கப்பட்டது என்கிறார் ஔவை. பெரும்புலவர் தம் கவிதையை மழலை என்று சொல்லிக்கொள்வது அடக்கம் மட்டுமன்று. கேட்பவனின் பொறுமையைப் பற்றிய சான்றுரையும் ஆகும். முதியவரின் பேச்சும் பல வேளைகளில் இத்தகையதே. சொன்னதையே சொல்லும், ஆண்டு மாறிப்போகும், இறந்தவர் உயிரோடு இருப்பவராக வருவார். அதன் நடுவே, அருகிலிருந்து கேட்பவருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வரி இருக்கும். அவ்வொரு வரிக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கும் அருள்தான் கேட்பவரின் தகுதி.

மூன்றாவது, 95ஆம் பாட்டு. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, அவனுடைய படைக்கலங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க மனையில் பொலிவோடு இருப்பதைப் பாராட்டுவதுபோலப் பாராட்டி, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடப்பதைச் சொன்னார். போரைத் தவிர்க்கச் சென்ற தூதின் நயம் அது. இதில் எண்ணத்தக்கது, அதியமான் அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தான் என்பது. பரிசில் கொடுத்து ஒரு மூலையில் அமர்த்திவிடவில்லை. நாட்டின் வாழ்வும் சாவும் தொங்கிய வேளையில் அவர் சொல்லை நம்பினான். மதிப்பின் உண்மையான அளவுகோல் பொறுப்பே.

நான்காவது, 206ஆம் பாட்டு. அதியமான் ஒருமுறை பரிசில் தருவதைக் காலம் நீட்டித்தான். ஔவை வாயில்காவலனை நோக்கிச் சினந்து பாடினார். அறிவும் புகழும் உடையோர் அற்றுப்போய்விடவில்லை. கலைத் தொழில் வல்லார்க்கு எத்திசைச் செல்லினும் சோறு கிடைக்கும் என்று சொல்லி, யாழ்ப்பையைக் கட்டத் தொடங்கிவிட்டார். நெல்லிக்கனி பெற்றவர், நன்றிக்கடன் பட்டவர், சினக்கலாமா என்று அன்று எவரும் கேட்கவில்லை, அப்பாட்டும் மறைக்கப்படவில்லை. கனி தந்தவனைப் புகழ்ந்த பாட்டும் காக்க வைத்தவனைக் கடிந்த பாட்டும் ஒரே தொகையில் இடம்பெற்றன. பெற்றவரின் தன்மானத்தைக் குலைக்காத கொடைதான் கொடை. சோற்றையும் கூரையையும் பெற்றுக்கொண்டதனால் முதியவர் தம் சினத்தையும் சொல்லையும் அடகு வைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது பரிவன்று.

மாறாத முகம், பொறுமையான செவி, ஒப்படைத்த பொறுப்பு, தன்மானத்துக்கு இடம் என்னும் இந்நான்கும் சேர்ந்ததே தகடூர் தந்த இரண்டாம் கொடை. இவை இருந்த இடத்தில்தான் பாட்டுப் பிறந்தது.

இந்த அளவுகோலோடு இன்றைய நிலையை நோக்கலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதை எட்டியோரும் கடந்தோரும் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர்; மொத்த மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு. தமிழகத்தில் அவ்விழுக்காடு அப்போதே 10.4. தருமபுரி போன்ற வானம் பார்த்த மாவட்டத்தில் இவ்வெண்ணுக்குப் பின்னால் மற்றொரு செய்தியும் இருக்கிறது. இளையோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்ல, வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் காப்பவர்களாக முதியோர் ஊரில் தங்கிவிடுகின்றனர். சிலருக்கு அதுவும் வாய்ப்பதில்லை. இல்லங்களின் நிழலை நாடுகின்றனர்.

2007ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இவர்களை எண்ணி இயற்றப்பட்டது. அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்திற்கு ஒன்றேனும் முதியோர் இல்லம் அமைக்கலாம் என்றும், ஆதரவற்ற மூத்தோர் குறைந்தது 150 பேர் தங்கும் வசதி அதில் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அங்கு வாழ்வோருக்கு மருத்துவ உதவியும் பொழுதுபோக்கு வசதியும் அளிப்பதற்கான திட்டத்தை மாநில அரசு வகுக்கலாம் என்றும் அது குறிப்பிடுகிறது. நல்ல சட்டம், வரவேற்கத்தக்க சொற்கள். எனினும் கவிஞர்கள் ‘பொழுதுபோக்கு’ என்னும் அச்சொல்லின் முன் சற்றே நின்று செல்ல வேண்டும். பொழுதுபோக்கு முதியவருக்குத் தருவது. படைப்பு முதியவரிடமிருந்து பெறுவது. தொலைக்காட்சிப் பெட்டி முதியவரிடம் எதையும் கேட்பதில்லை. தம்மிடம் எவரும் எதையும் கேட்காத நாளே முதுமையின் மிக நீண்ட நாள்.

உறைவிடம் தந்து மூத்தோரையும் துறந்தோரையும் போற்றும் மரபு இந்நிலத்துக்குப் புதிதன்று. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, ‘சதியபுதோ’ என்னும் பட்டப்பெயரோடு அதியன் நெடுமான் அஞ்சியைக் குறிப்பிட்டு, துறவியர் தங்கும் குகைப் பாழியை அவன் ஈந்த செய்தியைச் சொல்கிறது. அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்று நெடுநாள் நிலவிய வினாவுக்கும் அது விடை தந்தது. கனி ஈந்தவன் என்று புலவர் பாடிய அதே பெயரை, தங்குமிடம் ஈந்தவன் என்று கல் பொறித்து வைத்திருக்கிறது.

கடல் கடந்த நாட்டிலும் இதற்கு இணையான ஒரு கொடை உண்டு. இத்தாலியின் இசைமேதை வெர்டி 1813இல் பிறந்தவர். எண்பதை நெருங்கிய வயதில், 1893இல், ‘ஃபால்ஸ்டாஃப்’ என்னும் நகைச்சுவை இசைநாடகத்தை அரங்கேற்றியவர். அவர் தம் முதுமையில் மிலான் நகரில் ஓர் இல்லத்தைக் கட்டினார். வாழ்க்கையில் பொருள் சேர்க்க இயலாமற்போன முதிய இசைக்கலைஞர்களுக்கான இல்லம் அது. 1899இல் கட்டடம் நிறைவுற்றும், நன்றியுரைகளைத் தாம் கேட்க விரும்பாமையால், தம் மறைவுக்குப் பின்னரே அதனைத் திறக்க வேண்டும் என்றார். 1901இல் அவர் மறைந்தார். 1902இல் இல்லம் திறக்கப்பட்டது. தம் இசைநாடகங்களின் உரிமைத்தொகையை அதற்கே எழுதி வைத்தார். அவ்வில்லத்தில் இசைக்கருவிகள் உண்டு. முதியோர் இசைக்கவும் செய்கின்றனர். பிற்காலத்தில் இளம் இசை மாணவரும் அங்கே தங்க இடம் பெற்றனர். அறைக்கு அடுத்த அறையில் வாழும் மூத்தோரிடமிருந்து அவர்கள் கற்றுக்கொள்கின்றனர். கனியின் பயனை மறைத்துத் தந்த அதியமானும், நன்றியைக் கேளாமல் தந்த வெர்டியும் ஒரே மரபினர். வெர்டி கட்டியது உறங்கும் கூடம் அன்று, பாடும் வீடு.

மருத்துவ அறிவும் இவ்வழியையே சுட்டுகிறது. அமெரிக்காவில் முதுமை மனநலம் குறித்து ஆய்ந்த ஜீன் கோஹன், 65 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 300 பேரை மூன்று நகரங்களில் தொடர்ந்து கவனித்தார். ஒரு பகுதியினர் வாரந்தோறும் கூடிக் கலைப் பயிற்சிகளில் ஈடுபட்டனர். மற்றொரு பகுதியினர் வழக்கம்போல் வாழ்ந்தனர். தலைநகர் வாஷிங்டனில் சேர்ந்திசை பாடியோர் பற்றிய முடிவுகள் 2006இல் வெளியாயின. பாடியோர் மருத்துவரை நாடிய தடவைகள் குறைவாகவும், உட்கொண்ட மருந்துகள் குறைவாகவும், தனிமை உணர்வு தணிந்தும் காணப்பட்டன. பாட்டு மருந்தாகும் என்பது கவிஞர்களுக்குப் புதிய செய்தியன்று. இங்கே குறிக்கத்தக்கது, அவர்கள் பாட்டைக் கேட்டவர்கள் அல்லர், பாடியவர்கள் என்பதே.

தமிழ் உலகில் முதுமையின் படைப்புக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நெல்லிக்கனிப் பாட்டு ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்து எல்லார் கைக்கும் எட்டியது, 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்ததனால். 1855இல் பிறந்த அப்பெருமகனார் எண்பத்தைந்தை எட்டும் வேளையில் ஒரு புதுப்பணியைத் தொடங்கினார். 1940 முதல் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடன் வார இதழில் தொடராக வெளிவந்தது. பிறர் எழுதிய ஏடுகளுக்கே வாழ்நாளைத் தந்தவர், கேட்பார் இருந்தமையால், தம் வாழ்வை எழுதினார். போர்க் காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று தங்கிய அவர், 1942 ஏப்பிரல் 28ஆம் நாள் மறைந்தார், நூல் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறாத அந்நூல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வி எவ்வாறு இருந்தது என்பதற்கு இன்று பெருஞ்சான்று. எண்பத்தைந்து வயதானவருக்கு ஓய்வே தகும் என்று அன்றைய அன்பர்கள் கருதியிருப்பின், தமிழ் இழந்திருக்கும் பொருளுக்கு அளவில்லை.

மற்றொருவர் கரிசல் மண்ணின் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பை முடிக்காத உழவர். நடுவயதை நெருங்கி எழுத வந்தவர். மற்றையோர் பணி ஓய்வு பெறும் வயதைக் கடந்த பிறகு, 1989இல், புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டார் வழக்காற்றியல் துறைப் பணிக்கு அழைத்தது. மாணவரோடு ஊரூராகக் கதை திரட்டினார். 2021 மே 17ஆம் நாள், நூற்றாண்டை நெருங்கிய வயதில் மறையும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். பல்கலைக்கழகம் அவருக்குச் செய்தது உதவி என்று சொல்வது பொருந்தாது. அவரிடம் ஒன்றைக் கேட்டது, அக்கேள்வியே உதவியாயிற்று.

இவ்விருவரும் புகழ்பெற்றவர்கள், எழுத்தறிந்தவர்கள். எழுத்தறியாத முதியோரிடம் என்ன இருக்கும் என்று கேட்பாருக்கு, தருமபுரி மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. அரூரை அடுத்த மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு சிட்லிங்கி. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் பகுதி. மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதா ரெஜியும் 1993இல் அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். உடல்நலம் தேடிய அப்பணி, காலப்போக்கில் மக்களின் வாழ்வாதாரத்தையும் நோக்கிச் சென்றது. லம்பாடிப் பெண்களின் பழந்தையல் வேலைப்பாடு அங்கே ஏறத்தாழ மறைந்துபோயிருந்தது. கண்ணாடித் துண்டும் சோழியும் வண்ண நூலும் கொண்டு அமைந்த அக்கலை, ஓரிரு மூதாட்டியரின் விரல்களில் மட்டும் எஞ்சியிருந்தது. அவர்கள் இளைய பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். ‘போர்கை’ என்னும் பெயரில் அவர்களின் கைவினை அமைப்பு உருவாயிற்று. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமை என்று பொருள். அவர்கள் தைத்த துணிகள் இன்று பள்ளத்தாக்கைக் கடந்து நெடுந்தொலைவு செல்கின்றன.

அம்மூதாட்டியரிடம் எவரும் கேட்காமல் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அவர்களுக்குக் காய்ச்சலுக்கு மருந்து கிடைத்திருக்கும். முதியோர் உதவித்தொகையும் கிடைத்திருக்கலாம். விரல்களில் இருந்த கலையோ அவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். அதைவிடக் கொடியது, அது போவதை அவர்கள் அறிந்தே இருந்திருப்பார்கள் என்பது. தாம் சுமந்து வந்ததை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்று அறிந்த முதியவரின் தனிமை, பசியைவிடப் பெரிது. தையலைக் கேட்டவர்கள் அம்மூதாட்டியரை மீண்டும் ஆசிரியர் ஆக்கினர். பரிவும் படைப்பும் பிரிக்க முடியாமல் இணைந்த இடம் அது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். வாழ்நாளெல்லாம் உழைத்துத் தேய்ந்தவரிடம் இறுதிக் காலத்திலும் ஒன்றைக் கேட்பது கொடுமையன்றோ? ஓய்வு அவர் உரிமையன்றோ? நியாயமான மறுப்பே. எல்லா முதியோரும் கவிஞராக வேண்டியதில்லை. திண்ணையில் அமர்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு நிறைவான வாழ்வே. வற்புறுத்திப் பாட வைப்பது பரிவின் பெயரால் செய்யும் வன்முறை. ஆனால் கேட்பது வேறு, வற்புறுத்துவது வேறு. கேட்கப்பட்டவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. கேட்கப்படாதவருக்கு மறுக்கும் உரிமைகூட இல்லை. ஔவை யாழ்ப்பையைக் கட்டிக்கொண்டு புறப்படவும் உரிமை பெற்றிருந்தார் என்பதை மறத்தலாகாது.

இனி, இவ்விலக்கிய வட்டத்தின் முன் நிற்கும் கடமைக்கு வரலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்து மாவட்டங்களிலேயே எழுத்தறிவில் கடைசி இடம் பெற்றது தருமபுரி, 68.54 விழுக்காடு. இதனைக் குறையென்று மட்டும் சொல்லிச் செல்வது எளிது. கவிஞர்கள் வேறொன்றையும் இதில் காண வேண்டும். இம்மாவட்டத்து முதியோர் பலரின் படைப்பு எழுத்தில் இல்லை, நாவில் இருக்கிறது. நடவுப் பாட்டிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தெருக்கூத்தின் அடிகளிலும் விடுகதையிலும் இருக்கிறது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லை நிலமாதலின், ஒரே மூதாட்டி இரு மொழிகளில் தாலாட்டுவதும் இங்கே உண்டு. சாமையையும் கேழ்வரகையும் எந்த மழைக்கு விதைப்பது என்று சொல்லும் முதியவரின் நினைவும் ஒரு நூலே. நூலாக்கும் கை அவருக்கு இல்லை. கை உடையவர்கள் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள்.

எனவே, பத்தாண்டு நிறைவின் அடையாளமாக வட்டம் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். பெரும்பொருட் செலவு அதற்கு வேண்டியதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரைத் தெரிந்துகொள்ளட்டும். இல்லத்தில் வாழ்பவராக இருக்கலாம். அடுத்த தெருவில் தனித்திருப்பவராகவும் இருக்கலாம். திங்கள்தோறும் ஒரு நாள், அதே நாளில், அதே வேளையில் செல்லட்டும். முதல் நாளின் முகம் பன்னிரண்டாம் திங்களிலும் மாறாதிருக்கட்டும். கையில் பழத்தோடு செல்வதைக் காட்டிலும் ஒரு கேள்வியோடு செல்வது நன்று. அவர் இசைந்தால் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளட்டும். திருத்தம் வேண்டாம், செந்தமிழாக்கவும் வேண்டாம். எழுதியதை மறுமுறை சென்று அவருக்கே வாசித்துக் காட்டட்டும். இது இவ்வாறன்று என்று அவர் கடிந்துகொண்டால், அக்கடிதலை வணங்கி ஏற்கட்டும். அதுவே அவர் ஆசிரியர் நிலையை அடைந்தார் என்பதற்கு அடையாளம். அச்சேறும்போது, அவர் விரும்பினால், அவர் பெயரே பாட்டின் தலைப்பில் நிற்கட்டும். தொகுத்தவர் பெயர் சிறிதாக அடியில் இருந்தால் போதும்.

கவிஞர்களுக்கு இதனால் வரும் பயனும் சிறிதன்று. புதுச்சொல் தேடி அகராதியைப் புரட்டுவோர், அகராதி ஏறாத சொற்கள் ஆயிரம் அண்டை வீட்டுத் திண்ணையில் உதிர்வதைக் காண்பர். தம் கவிதையை வாசித்துக் காட்ட, எவ்விதப் போட்டியும் பொறாமையும் அற்ற ஒரு செவி அவர்களுக்கு வாய்க்கும். கொடுக்கச் சென்றவர் பெற்றுத் திரும்புவர். அதியமானுக்கும் அதுவே நேர்ந்தது.

ஆம், கதையின் முடிவு அதுதான். கனியைத் தான் உண்ணாது தந்த அதியமான் சேரனொடு நேர்ந்த போரில் வீழ்ந்தான், தகடூர் அழிந்தது. அப்போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்னும் நூலும் முழுமையாகக் கிடைக்கவில்லை; சில பாடல்களே எஞ்சின. கோட்டையும் போயிற்று, போர்நூலும் போயிற்று. எஞ்சி நிற்பது ஔவையின் பாட்டு. புறநானூற்றின் 232ஆம் பாட்டில், அவன் நடுகல்லின் முன் நின்று, மலைநாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், சிறு கலத்தில் வார்த்த இந்தத் தேறலையா கொள்வான் என்று அவர் உருகினார். 235ஆம் பாட்டில், அவன் மார்பைத் துளைத்த வேல் இரப்போரின் கைகளையும் புலவரின் நாவையும் சேர்த்தே துளைத்துச் சென்றது என்று அழுதார்.

இன்று தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைக் காண்போர் ஒன்றை உணரலாம். கற்களில் வீரர் உருவங்கள் உள்ளன. பலருடைய கதையைச் சொல்ல இன்று யாரும் இல்லை. கல் மட்டும் போதாது. அதன் முன் நின்று பாட ஒருவர் வேண்டும். அப்பாடுபவரை வாழ்வித்ததே அதியமான் செய்த அறம். அவன் தந்த நாட்களிலிருந்துதான் அவனைப் பற்றிய நினைவு பிறந்தது.

இம்மாவட்டத்தின் திண்ணைகளிலும் இல்லங்களின் கூடங்களிலும் பெயரறியாத ஔவைகள் இன்றும் அமர்ந்திருக்கின்றனர். மருந்தும் சோறும் அவர்களுக்கு ஓரளவு கிடைக்கின்றன, கேட்பார்தாம் கிடைக்கவில்லை. மலைப்பிளவில் ஏறிக் கனி பறிக்க வேண்டிய அருமை அதற்கில்லை. தெருவைக் கடந்து சென்று, அருகில் அமர்ந்து, ‘பாட்டி, நீங்கள் அன்று பாடிய பாட்டை இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று கேட்டால் போதும். தகடூர் நெல்லி அந்தக் கேள்வியில் இருக்கிறது.